நீல அட்டை நோட்டு

“ஏம்மா, ராத்திரி இவருக்குச் சாப்பாடே போடறதில்லையா?”

டயட்டீஷியன் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். காலையிலிருந்து இவர் இருபத்தேழாவது ஆள். டயட்டீஷியனின் மதியச் சாப்பாடு இன்னும் பைக்குள்ளேயே ஆறிக்கொண்டிருந்தது. குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பஸ் டிரைவர். ஈரல் சுருங்கிப்போய் ஒரு வருஷமாக வேலைக்குப் போகவில்லை. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் துணிப்பையோடு. நல்ல பூசின உடம்பு.

உள்ளே வரும்போது டிரைவர் சந்தோஷமாகத்தான் வந்தார். எடை மெஷின் போன மாதத்தைவிட இரண்டு கிலோ கூடக் காட்டியதும், “தேறிட்டேன் போலிருக்கே மேடம்” என்று சிரிக்கக்கூடச் சிரித்தார்.

டயட்டீஷியன் அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

“இது சதை இல்லைங்க. தண்ணி.”

அப்புறம் மேல்கையில் டேப்பைச் சுற்றிப் பார்த்தார். முக்கால் சென்டிமீட்டர் குறைந்திருந்தது. பிடிபலம் பார்க்கிற கருவியைக் கையில் கொடுத்து முடிந்தமட்டும் அழுத்தச் சொன்னார். இருபத்தைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை அது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியும் முள் பதினெட்டைத் தாண்டவில்லை. போன மாதம் இருபத்திரண்டு.

போன தடவையே படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். ஈரல் கொடுக்க ஆள் கிடைக்கிற வரைக்கும் உடம்பு தாங்கவேண்டும், அதற்குச் சதை வேண்டும், சதை கரைந்துவிட்டால் ஆள் கிடைத்தும் ஆபரேஷன் செய்யத் தயங்குவார்கள் என்று. ராத்திரி வெறும் வயிற்றோடு படுத்தால் விடிவதற்குள் உடம்பு தன் சதையையே தின்ன ஆரம்பித்துவிடும் என்றும் சொல்லியிருந்தார். தின்றதை எல்லாம் எழுதி வரச் சொல்லி ஆஸ்பத்திரியின் நீல அட்டை நோட்டு ஒன்றும் கொடுத்திருந்தார்.

இப்போது மனைவி பையிலிருந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்துக் கொடுத்திருந்தாள்.

திங்கள்: காலை ஒரு ஆப்பிள். மதியம் வேகவைத்த காய் ஒரு கிண்ணம். சாயங்காலம் சர்க்கரை போடாத டீ. ராத்திரி ஒன்றுமில்லை.

செவ்வாயும் புதனும் அதேதான். வெள்ளிக்கிழமை அந்த ஆப்பிளிலும் பாதி.

டிரைவர் குறுக்கே வந்தார். “இல்லைங்க மேடம், நேத்து ராத்திரிகூட ரெண்டு முட்டை...”

“நீங்க சும்மா இருங்க.” மனைவி சட்டென்று அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் வளையல் தொளதொளவென்று புறங்கை வரைக்கும் சரிந்து விழுந்தது.

டயட்டீஷியனுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. இந்த அறையில் பத்து வருஷமாக எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. பட்டினி போடுகிற வீட்டை விட்டுக்கொடுக்காமல் பரிந்து பேசுகிற நோயாளியும் அவருக்குப் புதிதில்லை.

“உங்களப் பாத்தா வேளாவேளைக்குச் சாப்பிடற ஆளாத்தான் தெரியுது. அதுல பாதிய இவருக்குக் குடுத்தா என்னம்மா கொறஞ்சு போயிடும்?”

சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகப்படிதான் என்று அவருக்கே பட்டது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை. மனைவி பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியில், “சரிங்க மேடம், இனிமே பாத்துக்கறேன்” என்றாள். அவ்வளவுதான்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொல்லி டிரைவரை எதிர் அறைக்கு அனுப்பினார் டயட்டீஷியன். அவர் ஒன்றும் புரியாமல் மனைவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அவர் தலை மறைந்ததும் அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பைக்குள் கையை விட்டு இன்னொரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதே நீல அட்டை.

“மன்னிச்சுக்கங்க மேடம். அவரோடது இதுதான். அவசரத்துல மாத்திக் குடுத்துட்டேன்.”

டயட்டீஷியன் பிரித்தார். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வரி. முட்டை, பால், பழம், ரொட்டி. ராத்திரி பத்து மணிக்கும் ஒரு வரி. ஓரத்தில் பொடி எழுத்தில், ‘வயிறு முட்டுதுன்னு பாதி வச்சிட்டார். பதினொண்ணுக்கு மறுபடி கெஞ்சிக் குடுத்தேன்’ என்று இருந்தது. ஒரு நாள் விட்டுப்போகவில்லை. வயிற்றில் கட்டியிருந்த தண்ணீர்தான் அவரைச் சாப்பிட விடவில்லை.

டயட்டீஷியனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டார்.

“அவர் எதிர்ல எப்படிங்க சொல்றது? தெரிஞ்சா ஒரேயடியா மாட்டேன்னுடுவார். எல்லாம் சரியா வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கேன்.”

“அப்ப அந்த இன்னொரு நோட்டு?”

“அது என்னோடது மேடம். என் ஈரல்ல கொழுப்பு இருக்காம். இன்னும் நாலு கிலோ எறங்கினாத்தான் அதுல பாதிய இவருக்குக் குடுக்க முடியும்னு மேல் மாடியில ஆபரேஷன் டாக்டருங்க சொல்லியிருக்காங்க.”