இரண்டாவது விளக்கு

மீன்தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் தலையை விட்டிருக்கிறார் கணவர். பாதி திறந்த கதவு வழியே சிவப்பு வெளிச்சம் தரையில் வழிகிறது. உள்ளே, தண்ணீர் ஓடும் வலையில் வளரும் பாசிதான் தொட்டியின் அழுக்கைத் தின்ன வேண்டும். போன வாரம் பச்சையாக இருந்த பாசி இன்று மஞ்சள். "வெளிச்சம் பத்தல," என்று இன்னொரு எல்இடி விளக்கை மாட்டிக்கொண்டிருக்கிறார். பிடித்தால் உடும்புப்பிடிதான் மனுஷனுக்கு. மனைவி தொட்டி வாங்கிய கடைக்காரருக்கு ஃபோன் போடுகிறாள். "மஞ்சளாவா? வெளிச்சம் ஜாஸ்திம்மா, பாசி சாகுது. முதல்ல, இருக்கிற விளக்கை அணைக்கச் சொல்லுங்க." "ஏங்க," என்கிறாள் கணவரிடம். மோட்டார் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. "மீனெல்லாம் எங்க நிக்குது?" என்கிறார் கடைக்காரர். அவள் தொட்டியைத் திரும்பிப் பார்க்கிறாள். பதினொரு மீன்களும் தண்ணீரின் மேல்விளிம்பில் நின்று காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கீழே ஸ்விட்ச் தட்டும் சத்தம் கேட்கிறது. தரை அவள் பாதம்வரை சிவக்கிறது.