பச்சையாய் மின்னிய பயம்

ஆய்வுக்கூடத்து வெள்ளை எலியின் மண்டையில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் பொருத்தியிருந்தார்கள். தினமும் மணி அடிக்கும். அடித்த மறுநொடி காலில் ஷாக் சுரீரென்று ஏறும். அப்போது லேசர் விளக்கு அந்த ஜன்னல் வழியே மூளைக்குள் எட்டிப் பார்க்கும்.

"அண்ணே, நான் பயப்படுறது தெரியுதா?" என்று அந்த விளக்கைக் கேட்டது எலி.

"தெரியாம என்ன? நீ பயந்ததும் உன் மூளையில ஏத்துன சாயம் பச்சைப் பசேல்னு மின்னுது. எல்லாரும் திரையில பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

எலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணால் பார்த்த பிறகுமா ஷாக் கொடுப்பார்கள்? சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாதென்று, மறுநாள் மணி அடித்ததும் உள்ள பயத்தையெல்லாம் திரட்டிப் பயந்து காட்டியது.

அறையில் கைதட்டல் கேட்டது.

"நிறுத்திட்டாங்களாண்ணே?"

"இவ்வளவு அழகா எந்த எலியும் மின்னினதில்லையாம். மத்த எலிகளை அனுப்பிட்டாங்க. இனிமே எல்லா மணியும் உனக்குத்தான்."