வேலியோரம் எடுத்த வீடியோ

“அந்த வீடியோவை அழிச்சிடு, பிரசன்னா.”

“முடியாது.”

பிரசன்னா செல்போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து ஜாஸ்மினைச் சுற்றி நின்றார்கள். ரேஸ் பார்க்கப் போனபோது அவள் கொடுத்த பனியனைத்தான் இன்னும் போட்டிருந்தார்கள்.

பகலவனின் உடல் இன்னும் சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு வந்து சேரவில்லை. நேற்று மதியம் பைக் ரேஸில், வளைவில் சறுக்கி விழுந்தவன். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

“கம்பெனிதானே உன்னை அனுப்பிச்சுது?”

“இல்ல தம்பி. நானாத்தான் வந்தேன்.”

“யார் காதுல பூ சுத்துற? ரேஸ் நடத்துனவங்ககிட்ட சம்பளம் வாங்குறவ நீ. கேட்டுல நின்னு எல்லார் செல்லையும் புடுங்கிப் புடுங்கி அழிச்சானுங்க. நான் மட்டும்தான் எகிறிக் குதிச்சு ஓடியாந்தேன். ஆம்புலன்ஸ் லேட்டு. சீக்கிரம் தூக்கியிருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு. எல்லாம் இதுல கீது. இன்னிக்கே போடறேன். ஊரே பாக்கட்டும்.”

“நீ பாத்தியா அதை?”

“எப்படிக்கா பாப்பேன்?” அவன் செல்போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டான். “அவரு அப்படிக் கெடக்கறத எப்படிப் பாப்பேன்?”

ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து பந்தயம் விட்டுக்கொண்டிருந்த தொழிற்சாலைப் பையன்கள் இவர்கள். ‘ரோட்டுல சாவாதீங்கடா, ட்ராக்குக்கு வந்து பாருங்க’ என்று ஹாஸ்டல் ஹாஸ்டலாக ஏறி இறங்கியவள் ஜாஸ்மின். கேலரியில் உட்காரவைத்தால் இளவட்டங்கள் வராது, வேலியோரம் நிற்க விடுங்கள் என்று மேலே இருப்பவர்களிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கியதும் அவள்தான்.

வந்தார்கள். வடக்குப்பட்டிலிருந்தும் பிள்ளைப்பாக்கத்திலிருந்தும் ஷிப்ட் முடிந்த கையோடு, தூங்காமல்கூட வந்தார்கள். வாரமெல்லாம் வெல்டிங் லைனில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓட்டும் பகலவனை ‘எங்க அண்ணன்’ என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள்.

“ஏன் லேட்டு? அத மட்டும் சொல்லிட்டுப் போ.”

ஜாஸ்மின் அவன் கையிலிருந்த செல்போனையே பார்த்தாள்.

“சொல்லுக்கா. வண்டி கிட்டக்கதானே நிறுத்தியிருந்துச்சு? இன்னாத்துக்கு வரல?”

“நான்தான் வாக்கிடாக்கியில சொல்லணும்,” என்றாள். “சொன்னாத்தான் டிரைவர் வண்டிய எடுப்பாரு. பகலவன் விழுந்ததும் எனக்குக் கை கால் ஓடல. அப்படியே மலைச்சு நின்னுட்டேன்.”

பிரசன்னா ஓரடி முன்னால் வந்தான்.

“இன்னா சொன்னே?”

“என் தப்புதான்டா.”

பின்னாலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. ஒருவன் பனியனைக் கழற்றி அவள் முகத்தில் வீசினான். தோளில் விழுந்து சரிந்ததை அவள் எடுத்து நாற்காலியில் போட்டாள்.

“பண்றதையும் பண்ணிட்டு எந்த மூஞ்சிய வெச்சிகினு அழிக்கச் சொல்ற?”

“எனக்காகக் கேக்கல. நீ போட்டுட்டா, நாளைக்கே யாராவது ஒருத்தன் அதைக் கொண்டுபோய் அவங்க அம்மாகிட்டக் காட்டுவான். பெத்த புள்ள மண்ணுல துடிக்கறத அவங்க பாக்கணுமா?”

வீட்டுக்குள்ளிருந்து பகலவனின் அம்மா கிளியம்மாளின் குரல் கேட்டது. “கறிக்கொழம்பு வெச்சிருக்கேன்டா, துண்ணுட்டுப் போடான்னேனே… வந்து துண்றேன்னு போனியேடா…”

பிரசன்னா வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு செல்போனின் பூட்டைத் திறந்து அவளிடம் நீட்டினான்.

“நீயே அழி. எனக்குக் கை வராது. அழிச்சிட்டுக் கெளம்பிப் போய்கினே இரு. அண்ணன் வர்றப்ப நீ இங்க இருக்கக் கூடாது.”

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜாஸ்மின் பந்தல் ஓரமாக ஒதுங்கினாள். அதுதானா என்று பார்க்க, சத்தத்தை நன்றாகக் குறைத்துக் காதருகே பிடித்து ஒருமுறை ஓடவிட்டாள்.

தூரத்தில் வளைவு. மண்ணில் அசையும் ஒரு ஹெல்மெட். வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்ட முதுகுகள், இந்தப் பையன்களின் முதுகுகள். தூக்கிய கைகளிலெல்லாம் செல்போன். படத்தின் ஓரத்தில், அந்த முதுகுகளுக்குப் பின்னால், ஒரு அடிகூட நகர முடியாமல் ஆம்புலன்ஸின் நீல விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. பைக்குகளின் இரைச்சலில் சைரன் கேட்கவே இல்லை. யாரோ தொண்டை கிழியக் கத்துவது மட்டும் லேசாகக் கேட்டது: “வழி விடுங்கப்பா… ஐயோ, வழி விடுங்கப்பா…” அது அவள் குரல்தான்.

அதற்கும் மேலே, கேமராவை ஒட்டினாற்போல், தெளிவாக பிரசன்னாவின் குரல்: “எவன்டா பின்னாலேர்ந்து தள்றது? எடுத்துகினு கீறேன் இல்ல?”

அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் இடத்தையும் தேடித் திறந்து, அங்கிருந்தும் அழித்தாள். துப்பட்டாவின் நுனியால் திரையைத் துடைத்து, திரும்பி நின்றவனின் கையில் செல்போனை வைத்தாள்.