மானின் தாகம்

“மான் குடித்தார். முதலை சொன்னாள். என்ன இது?”

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார் சதாசிவம் வாத்தியார்.

அங்கம்மா எழுந்து நின்றாள். ரெங்கம் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புதான் கடைசி. அதில் அவளுக்கு இது மூன்றாவது வருஷம். மற்ற பாடங்களில் எப்படியோ கரையேறிவிடுவாள். கதை எழுதும் தாளில்தான் ஒவ்வொரு முறையும் மூழ்கினாள்.

“அங்கம்மாக்கா, போற போக்கப் பார்த்தா உன் புள்ளையும் இதே வகுப்புல உன் பக்கத்துல வந்து உட்காரும்” என்றான் பின்வரிசை மணியம். வகுப்பு சிரித்தது. வாத்தியார் காதில் விழாததுபோல இருந்தார்.

கதை என்னவோ மோசமில்லை. ஆற்றங்கரையில் முதலை ஒரு மானைப் பிடிக்கிறது. தாகம் தீரும்வரை பொறு, பிறகு என்னைத் தின்னு என்கிறது மான். முதலையும் வாக்குக் கொடுக்கிறது. மான் குனிந்து குடிக்கிறது. குடித்துக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான்.

“கதைன்னா முடிவு வேணும். மான் எப்போ குடிச்சு முடிக்கும்?”

“முடிக்காது சார்.”

“ஏன்?”

அங்கம்மா தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

வாத்தியார் மணியத்தைக் கரும்பலகைக்கு அழைத்து அதே கதையைப் பிழையில்லாமல் எழுதச் சொன்னார். அவன் முதல் வரியிலேயே திணறினான். முன்வரிசையிலிருந்து ஒரு முணுமுணுப்பு அவனுக்குச் சரியான வினைமுற்றை எடுத்துக்கொடுத்தது. குரல் அங்கம்மாவுடையது. தன் தாளில் எழுத வராதவளுக்கு அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் வருகிறதா என்று வாத்தியார் அதட்டி உட்காரவைத்தார்.

வினைமுற்று தவறினால் அவருக்குச் சோறு இறங்காது. அங்கம்மா விஷயத்தில் முதல் வருஷம் பொறுமையைக் கையாண்டார்; இரண்டாம் வருஷம் பிரம்பை. மூன்றாம் வருஷம் ஒரு கொள்கையே வகுத்துவிட்டார். ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளில் ‘அம்மா வந்துச்சு, அப்பா போச்சு’ என்று பேசிப் பழகிய நாக்கு, எழுத்திலும் திணை தெரியாமல் தடுக்கி விழுகிறது. கொள்கை நன்றாக இருந்ததால் அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை.

அவள் அப்பா வீரமுத்து தோட்டத்து மாட்டுவண்டிக்காரர். அக்கம்பக்கத்தார் பெண் பிள்ளைகளைப் புல்வெட்ட அனுப்பியபோது, இவர் மகளை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர். ஏழாவது பாஸ் பண்ணாமல் அவளைப் பள்ளியைவிட்டு எடுப்பதில்லை என்று மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்து வாக்குச் சொல்லியிருந்தார். அவள் தோற்கும்போதெல்லாம் பள்ளி வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

“இந்தத் தடவையாச்சும் எப்படியாவது, வாத்தியாரய்யா.”

அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்கும் தெம்பு சதாசிவத்துக்கு இல்லை.

பரீட்சை முடிந்த அன்று மாலை தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். அங்கம்மா மறுபடியும் அதே மானை எழுதியிருந்தாள். மான் அதே மரியாதையோடு ‘குடித்தார்’. முதலை அதே பெண்ணாக ‘சொன்னாள்’.

சிவப்பு மசியைத் தொட்ட பேனாவைத் துடைத்துவிட்டு, கறுப்பு மசியில் தொட்டார்.

ஒவ்வொரு வினைமுற்றாகத் திருத்தினார், அவள் கையெழுத்துப் போலவே. பிறர் பிழையில் பிழைப்பு நடத்தியவர் தாமே செய்த முதல் பிழை அது. கடைசியில், முடிவில்லாத கதைக்கு ஒரு முடிவும் சேர்த்தார். ‘தாகம் தீர்ந்ததும் மான் தலை நிமிர்ந்தது. முதலை அதைத் தின்றது.’

இரண்டும் பழுதில்லாத வினைமுற்றுகள். அவருக்கே திருப்தியாக இருந்தது.

ஜொகூர் பாருவிலிருந்து வந்த பள்ளி இன்ஸ்பெக்டர் அந்தக் கதையை வகுப்பில் உரக்கப் படித்து, முடிவு பிரமாதம் என்றார். அங்கம்மா தாவணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று வருஷத் துக்கம் சந்தோஷமாக உடைகிறது என்று வாத்தியாருக்குத் தோன்றியது. தம் கண்ணும் கலங்கவே, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் வீரமுத்து வெற்றிலை பாக்குத் தட்டோடு பள்ளிக்கு வந்தார். பின்னால் அங்கம்மா. சேலை கட்டியிருந்தாள்.

“எல்லாம் உங்க புண்ணியம், வாத்தியாரய்யா. வர்ற தையில கல்யாணம். மாப்பிள்ளை பொந்தியான்ல மளிகைக் கடை வச்சிருக்கு.”

“வைத்திருக்கிறார்” என்றார் வாத்தியார், பழக்கதோஷம்.

“ஆமாங்கய்யா. மூத்த தாரம் தவறிடுச்சு. கொஞ்சம் வயசு கூடத்தான், ஆனா தங்கமான மனுசன். கடைக் கணக்கு எழுத ஏழாவது பாஸ் பண்ண பொண்ணுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. இத்தன வருசமும் இவளுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு.”

வாத்தியாரின் கை தட்டருகே போய் நின்றது.

“இந்த வருஷமும் தேறாம போயிருந்தா?”

“மறுபடியும் படிக்கத்தான் விட்டிருக்கணும். அம்மன்கிட்ட சொன்ன வாக்கு, மீற முடியுங்களா?” வீரமுத்து சிரித்தபடி தட்டை மேசையில் வைத்துவிட்டு, மாடு மிரள்கிறதென்று வண்டியைப் பார்க்கப் போனார்.

அங்கம்மா போகவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வாத்தியாருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்துத்தானே சார் தப்பா எழுதினேன்.”