பூட்டிய அறை

லிஃப்ட் மெக்கானிக் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்த வெளிநாட்டு வளர்ப்புத் தாடி ஓணானைக் கையில் எடுத்ததுமே, பிராணிகள் டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது.

"யார் சார் இதை வளர்த்தது? எலும்பும் தோலுமா இருக்கு. ஒரு மாசமா பச்சைத் தண்ணிகூட வைக்கலை போலிருக்கே!"

"இனிமே நான் பார்த்துக்கறேன் டாக்டர்." மெக்கானிக்கின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. டாக்டர் சொன்ன விளக்கு, புழு, வெதுவெதுப்பான குளியல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்.

"நல்ல மனசு சார் உங்களுக்கு. முன்னாடி வச்சிருந்தது யாரு?"

"என் பொண்ணு."

"வரச் சொல்லுங்க அவங்களை. நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்."

மெக்கானிக் பேனாவை மூடினார்.

"அவ இதை உயிரா வளர்த்தா டாக்டர். ஆஸ்பத்திரியிலேர்ந்து அவ உடம்பைக் கொண்டுவந்த அன்னிக்கு அவ ரூமைப் பூட்டினோம். அப்புறம் அந்தப் பக்கமே போகலை. உள்ளே இது இருக்குன்னு எனக்கும் தோணலை, அவங்கம்மாவுக்கும் தோணலை. நேத்து ஏதோ சர்ட்டிபிகேட் தேடப் போய்த்தான் கதவைத் திறந்தேன்."

டாக்டர் குனிந்து, கண் திறக்காத ஓணானின் வாயருகே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது மெல்ல நாக்கை நீட்டியது.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க சார். பழகின பேர்னா கண்ணைத் திறக்கும்."

"பேர் தெரியாது டாக்டர்," என்றார் மெக்கானிக். "அவளைத்தான் கேக்கணும்."