பிரேக்குல காத்து

"அமுக்குங்கக்கா... புடிச்சுக்கங்க... விடாதீங்க... ம், இப்ப விடுங்க."

வேனுக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு மெக்கானிக் செம்மல் அண்ணன் உத்தரவு போடுறாரு. மேல டிரைவர் சீட்டுல உக்காந்து பிரேக்க மிதிக்கிறது வண்டிக்காரம்மா, அஞ்சலாட்சி அக்கா. ஒவ்வொரு மிதிக்கும் கண்ண இறுக்கி மூடிக்குது.

முத்தியால்பேட்டை ஒர்க்‌ஷாப்புல எனக்கு என்ன வேலைன்னா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு இப்ப பென்சன் வாங்குற சொல்தா ஒருத்தருக்கு நான் டிரைவர். அவரு காருக்கு ஆயில் மாத்த வந்தேன். வந்தவன் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணும்ல?

"ஏண்ணே, இங்க மெக்கானிக் நீங்களா, அவங்களா?"

"நீ பேசாம டீயக் குடிரா."

அந்தக்கா லேசுப்பட்ட ஆளு இல்ல. தேங்காய்த்திட்டு துறைமுகத்துல மீன் ஏலம் எடுத்து, ஐஸ் பொட்டியோட இந்த வேன காலாப்பட்டு வரைக்கும் தானே ஓட்டிட்டுப் போய் விக்கும். பதினோரு வருசமா.

போன வாரம் ஈசிஆர்ல முன்னாடி ஒரு ஆட்டோ, உள்ள ஸ்கூல் புள்ளைங்க. அக்கா பிரேக்க மிதிச்சா, பெடல் தரையில போய் ஒட்டிக்கிச்சு. கியர எறக்கி, ஹேண்ட் பிரேக்க இழுத்து, ஓரத்துல கொட்டியிருந்த மணல் மேட்டுல வண்டிய ஏத்திருச்சு. ஒரு புள்ளைக்கும் கீறல் கெடயாது. நானா இருந்தா ஸ்டியரிங்க விட்டுட்டு சாமியக் கும்புட்டிருப்பேன்.

ஆனா அன்னிக்கு எறங்குன அக்கா, அப்புறம் எந்த வண்டி ஸ்டியரிங்கையும் தொடல. இன்னிக்குக் கூட, விக்கிறதுக்கு முன்னாடி வண்டிய ஒருதபா பாத்துட்டுப் போவலாம்னுதான் வந்துச்சாம். வந்த எடத்துல செம்மல் அண்ணன் புடிச்சு உக்கார வெச்சிட்டாரு.

வெளிய அக்காவோட மருமவன் விக்ரம் போன்ல பேசிட்டிருந்தான். "ஆமாங்க, இன்னிக்கு ரெடியாயிடும். வந்து எடுத்துக்கங்க. எங்க அத்த இனிமே ஓட்ட மாட்டாங்க."

அக்கா காதுலயும் அது விழுந்துச்சு.

விக்ரம் உள்ள வந்தான். "அண்ணே, அவங்களே பயந்து போயிருக்காங்க. எறங்கட்டும், நான் மிதிக்கறேன்."

"நீ ஷூ போட்டிருக்க. வேணாம்."

"கழட்டிடறேன்."

"உனக்குக் காலு நீளம். சரிப்படாது."

கால் அளவு பாக்குற மெக்கானிக்க நான் அன்னிக்குத்தான் பாத்தேன். பேசாம செருப்புக் கடை வெச்சிருக்கலாம்.

"என் காலு குட்டைதாண்ணே. நான் வரட்டுமா?"

"உனக்கு வாய் நீளம். உக்காரு."

விக்ரமுக்குக் கோவம் வந்துருச்சு. "ஒரு பைப்பு மாத்த அஞ்சு நாளு. அதுலயும் வண்டிக்காரங்களே வந்து வேல செய்யணுமா?"

"பைப்பு மட்டும் இல்லப்பா. ஐஸ் பொட்டி தண்ணி ஒழுகி, பின்னாடி போற பிரேக் பைப்ப உப்பு தின்னுருச்சு. மாத்துனேன். அப்பவும் மிதிச்சுப் புடிச்சா பெடல் மெதுவா எறங்குது. வெளிய ஒரு சொட்டு ஒழுகல. அப்ப கோளாறு உள்ளதான? மிதிக்கிறப்ப ஆயிலத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல ரப்பர் தேஞ்சு கெடக்கு. அதையும் மாத்தியாச்சு. இப்ப பிரேக் ஆயிலுக்குள்ள காத்து. அத எடுக்கணும்னா ஒருத்தர் மேல மிதிக்கணும், ஒருத்தர் கீழ ஒவ்வொரு சக்கரமா திருகத் தொறக்கணும். அக்கா, எப்டி இருக்கு?"

"பொதுக்குன்னு போவுதுப்பா. அன்னிக்கு மாதிரியே."

"காத்து இருந்தா அப்டித்தான் பஞ்சாட்டம் போவும். எட்டிப் பாருங்க, டியூப் சொருகுன இந்தப் பாட்டில்ல கொப்புளம் கொப்புளமா வருது பாருங்க. வெளிய போற காத்து திரும்ப வராது. அமுக்குங்க."

ஒரு சக்கரம் முடிஞ்சுது. ரெண்டாவதுல அக்கா கண்ண மூடல. மூணாவதுல, அண்ணன் சொல்றதுக்கு முன்னாடியே மிதிக்குது.

நாலாவதுல அண்ணன், "போதும்க்கா"ன்னாரு.

"எங்க போதும்? இன்னும் கொஞ்சம் இருக்கு. கால்ல தெரியுது. ரெண்டு தபா தொற."

தொறந்தாரு. நெசமாவே ரெண்டு கொப்புளம் வந்துச்சு.

"ம். இப்ப பெடல் கல்லாட்டம் நிக்குது," ன்னுச்சு அக்கா.

"எஞ்சின் போட்டு மிதிச்சுப் புடிங்க. முப்பது எண்ணுங்க. எறங்குதா?"

"எறங்கல."

"சந்துல ஒரு ரவுண்டு போவமா? நான் பக்கத்துல உக்காறேன்."

அக்கா பெடல இன்னொருதபா மிதிச்சுப் பாத்துச்சு. அப்புறம் கியரப் போட்டுச்சு.

நத்தையாட்டம் போனாங்க. நின்னுச்சு. போனாங்க. நின்னுச்சு. கோடியில திரும்பி வேகமா வந்த வேன், என் முட்டிக்கு ஒரு அடி முன்னாடி டக்குனு நின்னுச்சு.

"இன்னாப்பா, டீ கிளாஸ் அந்த ஆட்டம் ஆடுது?" ன்னுச்சு அக்கா. வாய் நீளம்னு பேர் வாங்குன நான், மிச்ச டீய ஒரே மடக்குல குடிச்சுட்டு ஓரமா ஒதுங்கிட்டேன்.

"அத்த, எறங்குங்க. வண்டி வாங்குறவரு வந்துட்டிருக்காரு," ன்னான் விக்ரம்.

"வரட்டும். டீ வாங்கிக் குடுத்து அனுப்பு. எனக்கு ஏலத்துக்கு நேரமாவுது."

அண்ணன் எறங்கிட்டாரு. அக்கா தனியா ஓட்டுன வேன் தெருமுனையில ஒருதபா நின்னு, திரும்பிப் போயிருச்சு. மருமவன் பைக்க எடுத்துக்கிட்டு பின்னாடியே ஓடுனான்.

எனக்குத்தான் மனசு ஆறல. "என்ன இருந்தாலும், ஒரு பொம்பளைய ஒரு மணி நேரம் கால் கடுக்க வேல வாங்கிட்டீங்கண்ணே. உதவிக்கு ஒரு ஆள் வெச்சிருந்தா நேத்தே முடிச்சிருக்கலாம்."

செம்மல் அண்ணன் கையத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு. "நேத்தே முடிஞ்சிதேடா. வீட்டம்மாவ மிதிக்கச் சொல்லி காத்தெல்லாம் எடுத்துட்டேன். காலாப்பட்டு வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டும் வந்தேன்."

"அப்ப இன்னிக்கு எடுத்தது எந்தக் காத்து?"

"அந்தக்கா வருதுன்னு மருமவன் போன் பண்ணான். ஒக்காந்து நானே உள்ள விட்ட காத்து."