வெர்னா கவிழ்த்த சீட்டு

லாஸ் வேகஸில் பொறுமையின் விலை இருநூற்று இருபது டாலர். ரசீதில் அதற்கு நுழைவுக் கட்டணம் என்று பெயர்.

அன்று தகுதிச் சுற்றின் போக்கர் மேசையில் ஒன்பது பேர் மிஞ்சியிருந்தார்கள். இன்னும் ஒருவர் தோற்று வெளியேறினால் போதும். மீதி எட்டுப் பேருக்கும் பெரிய போட்டிக்கு ஆளுக்கொரு டிக்கெட்.

வெர்னாவிடம் இரண்டே பந்தயச் சில்லுகள். எதிரே கிளைடிடம் ஒரு மலை.

"மொத்தத்தையும் வெக்கிறேன்," என்று கிளைட் மலையை நடுவில் தள்ளினார். "ஏன் அம்மணி, அந்த ரெண்டையும் பேரனுக்குச் சேத்து வெக்கிறீங்களா?"

வெர்னா தன் சீட்டைப் பார்த்தார். இந்தக் கைக்கு நான் இல்லை என்று கவிழ்த்துப் போட்டார்.

"பயமா?"

"ஆமா. தைரியமெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அடுத்திருந்த கறுப்புக் கண்ணாடி இளைஞனுக்குப் பொறுக்கவில்லை. "நான் வரேன் பெரியவரே," என்று இருந்ததையெல்லாம் வைத்தான். தோற்றான். எழுந்து போகும்போது வெர்னாவிடம் குனிந்து கேட்டான்:

"அந்த ஆளோட வாயை எப்படிம்மா தாங்குனீங்க?"

"முப்பது வருஷமாப் பழகிப்போச்சு தம்பி. என் வீட்டுக்காரர்தான்."

மேசை காலியானதும் கிளைட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வெர்னா, உன் கையில என்ன இருந்துச்சு?"

"ரெண்டு ஏஸ்."

"அதையா கவுத்துப் போட்ட? அதுக்கு மேல சீட்டே கிடையாதே."

"ஜெயிச்சிருந்தாலும் இதே டிக்கெட்தான். தோத்திருந்தா, நீ தனியா இல்ல போயிருக்கணும்?"

கிளைட் இருவர் டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மலைக்கு ஒரு டிக்கெட், இரண்டு சில்லுக்கு ஒரு டிக்கெட், கணக்கு நேர்.